ஏழாவது மாடியிலிருந்து பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்?

மாவட்டக் குழந்தைகள் நலத் திட்டத்தை வகுக்கும் அலுவலர்களுக்கு,

போன மாதக் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நீங்கள் திரையில் போட்டுக் காட்டிய வரைபடத்தைப் பற்றித்தான் இந்த மடல். ஒவ்வொரு அரசுப் பள்ளியைச் சுற்றியும் ஒரு கிலோமீட்டருக்குப் பச்சை வட்டம் போட்டிருந்தீர்கள். சென்னையின் தெற்கு ஓரத்தில் இருக்கும் எங்கள் மறுகுடியமர்வுக் குடியிருப்பு முழுசாக அந்தப் பச்சைக்குள் அடங்கிவிட்டது. "இந்த ஏரியாவில் கவரேஜ் நூறு சதவீதம்" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டீர்கள். நான் எழுந்து, எங்கள் பிளாக்கிலேயே படிப்பை நிறுத்திவிட்ட பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்கள் எந்தப் படத்தில் வருவார்கள் என்று கேட்டேன். "மாவட்ட அளவில்தாம்மா டேட்டா இருக்கு" என்று பதில் வந்தது. மைக் அடுத்தவர் கைக்குப் போனது. இப்போது வெளிவந்திருக்கும் வரைவுத் திட்டத்தில், எங்கள் பகுதிக்குப் புதிதாக எதுவும் தேவையில்லை என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள்.

அந்தப் பச்சையை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் பிளாக்குக்கு எட்டு மாடி. ஏழாவது மாடியில் ஒரு அம்மா இருக்கிறார். மூன்று வயதுப் பையன், கையில் ஒரு குழந்தை. அங்கன்வாடி பக்கத்துப் பிளாக்கின் தரைத்தளத்தில். வரைபடத்தில் அளந்தால் இருநூறு மீட்டர்கூட வராது. ஆனால் லிஃப்ட் ஓடாத வாரங்களில் அவர் கைக்குழந்தையோடு ஏழு மாடி இறங்கி, பையனை விட்டுவிட்டு ஏழு மாடி ஏறி, சாயங்காலம் மறுபடி இறங்கி ஏற வேண்டும். இதற்கு நடுவில் தண்ணீர்க் குடம் வேறு. பாதி நாள் பையன் வீட்டிலேயே இருந்துவிடுகிறான். அங்கன்வாடிப் பதிவேட்டில் அவன் பெயர் இருக்கிறது, எடை, உயரம் எல்லாம் இருக்கிறது. உங்கள் வரைபடம் மேலிருந்து பார்க்கிறது. அதற்கு மாடிப்படி தெரியாது.

அதே மாடியில் இன்னொரு வீடு. அந்த அம்மா அடையாறு பக்கம் நாலு வீட்டில் வேலை செய்கிறார். காலை ஐந்தரை மணி பஸ்ஸை விட்டால் முதல் வீட்டு வேலை போய்விடும். அங்கன்வாடி திறக்கும் நேரத்தில் அவர் இரண்டாவது வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் பிள்ளையை யார் கூட்டிப் போவது? பத்து வயது அக்காள். தம்பியை விட்டுவிட்டுத்தான் அவள் பள்ளிக்கு ஓட வேண்டும். முதல் பீரியட் அவளுக்கு எப்போதுமே பாதிதான். என் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளை அவள். கழித்தல் கணக்கு வராது, ஆனால் பஸ் நேரம் அத்தனையும் மனப்பாடம்.

இதையெல்லாம் குடும்பப் பிரச்சினை என்று நீங்கள் சொல்லலாம். இல்லை, இது இடத்தின் பிரச்சினை. இதே அம்மா இங்கே வருவதற்கு முன் ஆற்றங்கரையில் இருந்தபோது வேலைக்குப் பத்து நிமிடம் நடந்து போனார். பிள்ளை பால்வாடியில் இருந்தது. அம்மாவும் மாறவில்லை, வேலையும் மாறவில்லை. இடத்தை மாற்றியது நீங்கள்.

என் கதையும் அதேதான். 2006-இல், அரையாண்டுத் தேர்வு நெருங்கும் நேரத்தில், ஒரு லாரியில் எங்கள் பீரோ, ஸ்டவ், என் தாத்தாவின் கட்டில் எல்லாம் ஏறின. நான் ஆறாம் வகுப்பு. அண்ணன் ஒன்பதாவது. தங்கை ஒன்றாவது. அண்ணன் பழைய பள்ளியை விட மாட்டேன் என்று அடம்பிடித்தான். போகவர இரண்டு பஸ் மாறி, இரவு ஏழரைக்குத்தான் வீட்டுக்கு வருவான். பொங்கலோடு நிறுத்திவிட்டான். பெயின்ட் வேலைக்குப் போனான், இன்றைக்கும் அதே வேலைதான். எனக்கு மாற்றுச் சான்றிதழ் கைக்கு வரவே அடுத்த ஜூன் ஆகிவிட்டது. அதுவரை வீட்டில் இருந்தேன். எந்தக் கணக்கிலும் நான் இடைநின்றவள் இல்லை. பழைய பள்ளியில் "பெயர் நீக்கப்படவில்லை", புதிய பள்ளியில் "சேர்க்கை நிலுவை". அந்த ஆறு மாதம் நான் எங்கே இருந்தேன் என்று கேட்டால் அரசாங்கக் காகிதத்தில் பதில் கிடையாது.

இதைப் படிக்கும்போது உங்களில் சிலருக்கு, பொருளாதாரம் படித்தவர்களுக்கு, ஒன்று ஞாபகம் வரலாம். 1994-இல் அமெரிக்காவில் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார்கள். பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில், அரசு அடுக்கு வீடுகளில் இருந்த சுமார் 4,600 ஏழைக் குடும்பங்களை எடுத்துக்கொண்டு, அவர்களில் சிலருக்குக் குலுக்கல் முறையில் வசதியான பகுதிக்குக் குடிபோக வாடகை உதவி கொடுத்தார்கள். பெரியவர்களின் சம்பளத்தில் பெரிய மாற்றம் இல்லை என்று முதலில் முடிவு வந்தது. பலரும் திட்டம் தோற்றது என்றே நினைத்தார்கள். ஆனால் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு, பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவருடைய சக ஆய்வாளர்களும் அவர்களுடைய வருமான வரிக் கணக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். 13 வயதுக்கு முன்பே இடம் மாறிய பிள்ளைகள் இருபதுகளின் நடுவில் 31 சதவீதம் வரை கூடுதலாகச் சம்பாதித்தார்கள். அந்த வயதைத் தாண்டி மாறியவர்களுக்குப் பலன் இல்லை, கொஞ்சம் நட்டம்கூட. ஒரு பிள்ளை எந்தத் தெருவில், எத்தனை வருடம் வளர்கிறது என்பது அதன் வாழ்நாள் வருமானம் வரை போய் நிற்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

சென்னையில் நீங்களும் அதே பரிசோதனையைத்தான் செய்தீர்கள். தலைகீழாகச் செய்தீர்கள். குலுக்கல் இல்லை, கேட்கவும் இல்லை. 2000-இலிருந்து கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம் என்று, வேலையும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் இருந்த நகரத்தின் நடுவிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஊர் ஓரத்துக்கு வந்தன. அமெரிக்காவில் நாலாயிரத்துச் சொச்சம் குடும்பங்களை இருபது வருடம் பின்தொடர்ந்து கணக்குப் பார்த்தார்கள். இங்கே கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். கொடுத்த வீட்டுக்கு நம்பர் இருக்கிறது, வந்த லாரிக்கு ரசீது இருக்கிறது. வந்த பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று எழுதி வைக்க உங்கள் கோப்பில் ஒரு பத்திகூட இல்லை.

எனக்குக் கோபம் வருவது அங்கேதான். ஏழையாக வைத்திருந்ததற்காகக்கூட இல்லை, எண்ணாமல் விட்டதற்காக.

மாவட்டச் சராசரிக்கு வருகிறேன், ஏனென்றால் அன்றைக்குக் கூட்டத்தில் நீங்கள் பிடித்துக்கொண்ட கம்பு அதுதான். உங்கள் வரைவில் ஊட்டச்சத்து, தடுப்பூசி எண்கள் எல்லாமே தேசியக் குடும்ப நல ஆய்விலிருந்து எடுத்தவை. நல்ல ஆய்வு, குறை சொல்லவில்லை. 2019-21 சுற்றில் நாடு முழுக்க 707 மாவட்டங்களில் 6,36,699 வீடுகளில் கேட்டார்கள். வகுத்துப் பாருங்கள், மாவட்டத்துக்குச் சராசரியாக 900 வீடு. அந்த 900 வீட்டை வைத்துக்கொண்டு பணக்காரர்கள் வாழும் போட் கிளப் சாலையையும் எங்கள் பிளாக்கையும் பிரித்துச் சொல்ல முடியாது, சொல்வதாக அந்த ஆய்வும் சொல்லவில்லை. அது மாவட்டத்தை மாவட்டத்தோடு ஒப்பிடச் செய்தது. அதைக் கொண்டுபோய் ஒரு குடியிருப்பின் தலையில் வைப்பது, ஊர் முழுக்கப் பெய்த மழையைப் பிரித்து, உன் குடத்தில் இத்தனை லிட்டர் இருக்க வேண்டுமே என்று கேட்பது மாதிரி.

சின்ன இடத்துக்கு அளவெடுப்பது நடக்காத காரியம் என்று சொல்லிவிடாதீர்கள். பிராண்டைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் குழந்தைகளுக்கான வாய்ப்புக் குறியீடு ஒன்றைத் தொடங்கினார்கள். ஏறத்தாழ நாலாயிரம் பேர் வாழும் ஒவ்வொரு கணக்கெடுப்புப் பகுதிக்கும் தனித்தனியாக மதிப்பெண். கல்வி, உடல்நலமும் சுற்றுச்சூழலும், சமூக பொருளாதாரம் என மூன்று பிரிவு. முன்பருவக் கல்வி கிடைக்கிறதா, பசுமை எவ்வளவு, வெயில் எவ்வளவு, அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் எத்தனை பேர் படித்து வேலையில் இருக்கிறார்கள் என்றெல்லாம் பார்க்கிறார்கள். முடிவில் மிகக் குறைவு தொடங்கி மிக அதிகம் வரை ஐந்து படி. அமெரிக்கா முழுவதையும் அப்படி அளந்திருக்கிறார்கள். அதை அப்படியே இங்கே கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அவர்கள் குறியீட்டிலும் லிஃப்ட் வேலை செய்கிறதா என்ற கேள்வி இல்லை. நாலாயிரம் பேரை ஒரு அலகாக எடுத்துப் பார்க்க முடியும் என்பதற்குத்தான் சொல்கிறேன். எங்கள் குடியிருப்பில் நாலைந்து பிளாக் சேர்ந்தால் அந்த எண்ணிக்கை கிட்டத்தட்ட வந்துவிடும்.

உங்களிடம் இருக்கும் தகவலோ அதைவிடக் கூர்மையானது. பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் என்ற கணினிப் பதிவேட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் தனி எண். கர்ப்பம் பதிவானதும் பிக்மி என்ற தாய்-சேய் பதிவு எண். அங்கன்வாடியில் மாதாமாதம் எடை. ரேஷன் கார்டு வேறு. என் தங்கை மகளைப் பற்றி எனக்குத் தெரிவதைவிட உங்கள் கம்ப்யூட்டருக்குக் கூடுதலாகத் தெரியும். சிக்கல் எங்கே என்றால், அறிக்கைகள் பள்ளி வாரியாக வருகின்றன, மைய வாரியாக வருகின்றன. பிள்ளை தூங்கி எழும் இடம் வாரியாக வருவதில்லை. எங்கள் பிளாக் பையன் இன்னமும் மயிலாப்பூரில் படித்தால் அவன் தேர்ச்சி மயிலாப்பூர்க் கணக்கு. அவன் நின்றுவிட்டால் அந்தப் பள்ளியில் ஒரு எண் குறையும், அவ்வளவுதான். எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருப்பவன் எங்கள் பகுதியின் கணக்கில் ஏறுவதே இல்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன், இதற்குக் கம்ப்யூட்டர்கூட வேண்டாம். மக்கள்தொகையில் 400 முதல் 800 பேருக்கு ஒரு அங்கன்வாடி என்பது அரசாங்கமே வகுத்த விதி. 15,000 வீடு, வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்தால் 60,000 பேர். கஞ்சத்தனமாக 800 பேருக்கு ஒன்று என்றே வைத்துக்கொண்டாலும் 75 மையங்கள் வேண்டும். உங்கள் மாவட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு மறுகுடியமர்வுப் பகுதிக்கும் இதே வகுத்தலைப் போட்டு, பக்கத்தில் இப்போது இருக்கும் மையங்களின் எண்ணிக்கையை எழுதுங்கள். இரண்டு நெடுவரிசை போதும். அதை உங்கள் பச்சைப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு, அப்புறம் நூறு சதவீதம் என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்திலிருந்து ஒரு பயத்தையும் சொல்லிவிட வேண்டும். மாலை வகுப்புப் பெற்றோர் சிலரிடம் இந்த மடலைப் படித்துக் காட்டியபோது ஒரு அப்பா உடனே, "அளந்து என்ன பண்ணப் போறாங்க? மோசமான ஏரியான்னு சர்டிபிகேட் கொடுக்கவா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் பகுதியின் பெயரைச் சொன்னாலே வேலைக்கு எடுக்கத் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பயோடேட்டாவில் அத்தை வீட்டு முகவரியைப் போடாத பையன்கள் எங்களிடம் குறைவு. அமெரிக்காவில் 1930-களில் வீட்டுக் கடனுக்காக நகரங்களைத் தரம் பிரித்து வரைந்தார்கள். கறுப்பர்கள் வாழ்ந்த பகுதிகளில் சிவப்பு மை விழுந்தது. அந்தப் பகுதிகளுக்குக் கடன் கிடைப்பது தலைமுறைகளுக்குக் கடினமாகிப்போனது. அளவும் ஆயுதமாகலாம் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

அதனால் எதை அளப்பது என்பதில் நாங்கள் கறாராக இருக்கிறோம். எங்கள் பிள்ளைகளின் மதிப்பெண்ணையும் எங்கள் வீட்டு ஆண்கள் குடிப்பதையும் காவல் நிலைய வழக்குகளையும் கூட்டிக் கழித்து ஒரு எண் போட்டால், அது எங்கள் மேல் குத்தப்பட்ட முத்திரை. பிள்ளைக்கு இந்த இடம் என்ன கொடுக்கிறது என்று எண்ணினால், அது உங்கள் மேல் எழுதப்பட்ட கணக்கு. லிஃப்ட் மாதத்தில் எத்தனை நாள் ஓடியது. அம்மாக்கள் பஸ் ஏறும் நேரத்துக்கும் அங்கன்வாடி திறக்கும் நேரத்துக்கும் நடுவே எத்தனை மணி நேரம். உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் வழியில் எத்தனை விளக்கு எரிகிறது. எட்டாவது முடித்த பெண் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒன்பதாவதில் இருக்கிறார்கள். சாயங்காலம் உட்கார்ந்து படிக்க, ஒற்றை அறை வீட்டைத் தவிர வேறு இடம் உண்டா. கேள்விகளை நாங்களே எழுதித் தருகிறோம், எங்களுக்குத்தான் தெரியும்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டிகளில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வாங்கியது. அணியில் கண்ணகி நகர் கார்த்திகா. அந்த வாரம் எங்கள் பக்கமெல்லாம் திருவிழாதான், நானும் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு லட்டு வாங்கிக் கொடுத்தேன். வந்தவர்கள் எல்லாரும் "எந்த இடத்திலிருந்தும் சாதிக்கலாம்" என்றார்கள். எனக்கு அந்த வாசகம் பிடிக்கவில்லை. அந்தப் பெண் சாதித்தாள், சரி. அவளோடு விளையாட ஆசைப்பட்டு, மைதானத்தில் விளக்கு இல்லை என்று வீட்டில் விடாத பெண்கள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டார்களா? அந்த எண் தெரிந்தால்தானே அவள் தாண்டி வந்தது எவ்வளவு உயரம் என்பதே தெரியும்.

இதற்கு முன்மாதிரி வெளிநாட்டில்தான் இருக்கிறது என்றில்லை. 1920-இல் சென்னை மாநகராட்சியில் தியாகராயர் தலைமையில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டபோது, சராசரி எடுத்துக்கொண்டு ஊர் முழுக்கத் தொடங்கவில்லை. ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரே ஒரு பள்ளியில் தொடங்கினார்கள். அந்தப் பகுதியில் ஏழைப் பிள்ளைகள் வயிற்றுக்கு இல்லாமல்தான் பள்ளிக்கு வரவில்லை என்பதைப் பார்த்துத் தொடங்கினார்கள். இன்றைக்கு நாடே பேசும் பள்ளி உணவுத் திட்டத்தின் வேர் அங்கே இருக்கிறது. ஒரு பகுதியை உற்றுப் பார்ப்பது உங்கள் அலுவலக மரபுக்குப் புதுசு இல்லை, மறந்துபோனது, அவ்வளவுதான்.

எங்கள் கோரிக்கைகளைச் சொல்கிறேன்.

முதலில், வரைவுத் திட்டத்திலிருந்து அந்த ஒரு வரியை நீக்குங்கள். நீக்கும் வரை திட்டத்தை இறுதி செய்யாதீர்கள். கல்வி உரிமைச் சட்டப்படி ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி இருக்க வேண்டும் என்பது குறைந்தபட்ச விதி. அது இருக்கிறது என்பது, பிள்ளைக்கு வேறு எதுவும் வேண்டாம் என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

அடுத்து, மாவட்டத்தில் உள்ள எல்லா மறுகுடியமர்வுக் குடியிருப்புகளுக்கும், நாலாயிரம் பேருக்கு மிகாத அலகுகளாகப் பிரித்து, நான் மேலே சொன்ன மாதிரியான கேள்விகளோடு ஒரு கணக்கெடுப்பு நடத்துங்கள். கேள்விகளை முடிவு செய்யும் குழுவில் பாதிப் பேர் அங்கே வசிக்கும் தாய்மார்களும், பதினாலு வயது தாண்டிய பிள்ளைகளும், அங்கன்வாடிப் பணியாளர்களுமாக இருக்கட்டும். எமிஸ், அங்கன்வாடிப் பதிவுகளை வசிப்பிடம் வாரியாகத் தொகுத்து, பெயரும் வீட்டு எண்ணும் இல்லாமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தமிழில் வெளியிடுங்கள். எங்கள் சமுதாயக் கூடத்துச் சுவரிலும் ஒட்டுங்கள். மதிப்பெண் குறைந்த அலகுக்கு என்ன செய்யப்போகிறீர்கள், எந்தத் தேதிக்குள், எவ்வளவு பணம் என்பது அதே தாளில் இருக்க வேண்டும். அது இல்லாமல் வெறும் மதிப்பெண்ணை மட்டும் வெளியிடுவதாக இருந்தால் வெளியிடவே வேண்டாம்.

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் எங்கள் பகுதியின் புள்ளிவிவரத்தைக் கணக்கெடுப்பு வட்டம் வாரியாகத் தரும்படி இப்போதே எழுத்தில் கேட்டு வையுங்கள். 2011-க்குப் பிறகு எங்கள் பகுதியில் பல பிளாக்குகள் கட்டப்பட்டன. அவற்றில் பிறந்து வளரும் பிள்ளைகள் இதுவரை ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக்கூடப் பார்த்ததில்லை.

இனிமேல் எந்தக் குடும்பத்தையும் ஜூன் முதல் ஏப்ரல் வரை இடம் மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால், லாரி வருவதற்கு முன் பள்ளிச் சேர்க்கையும் அங்கன்வாடி இடமும் உறுதியாகி இருக்க வேண்டும். இடம் மாறிய ஒவ்வொரு பிள்ளையும் பதினெட்டு வயது வரை எங்கே இருக்கிறது என்று பதிவு வையுங்கள். ஏற்கெனவே மாற்றப்பட்டவர்களையும் தேடிப் பிடித்துக் கணக்கெடுங்கள். என் அண்ணனிலிருந்து தொடங்கலாம், ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில்தான் இருப்பான்.

கடைசியாக, வட்டம் வரைந்தவர்களில் ஒருவராவது ஒரு வேலை நாளில் காலை ஐந்து மணிக்கு எங்கள் பிளாக்குக்கு வர வேண்டும். கார் வேண்டாம். ஏழாவது மாடியிலிருந்து அந்த அம்மாவோடு பஸ் நிறுத்தம் வரை ஒருமுறை, அப்புறம் அந்தப் பத்து வயதுப் பெண்ணோடு அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் ஒருமுறை நடந்து பாருங்கள். எத்தனை நிமிடம் ஆனது என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். வருகிற தேதியையும், மற்ற கோரிக்கைகளுக்கான பதிலையும் முப்பது நாளுக்குள் எழுத்தில் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
மாலை வகுப்பு நடத்தும் ஒருத்தி,
வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் சார்பாகவும்.